வார்னிஷ் வேண்டாம், முதலில் கம்பியைக் கழற்றுங்கள்

கேள்வி: அண்ணன் கல்லூரிக் காலத்தில் வாசித்த யமஹா கிளாசிக்கல் கிட்டார் பல வருடமாகப் பரண்மேல் கிடந்தது. ஸ்டீல் கம்பி போட்டிருக்கிறது, மேல்பலகையில் கம்பிகளைக் கட்டியிருக்கும் மரக்கட்டை, அதாவது பிரிட்ஜ், பின்பக்கம் லேசாகத் தூக்கி நிற்கிறது. கடையில் வார்னிஷ் அடித்துப் புதுசாக்கித் தருகிறோம், நல்ல விலைக்குப் போகும் என்கிறார்கள். செய்யலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: வார்னிஷ் பேச்சை விடுங்கள். இன்றைக்கே அந்த ஸ்டீல் கம்பிகள் ஆறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கழற்றிவிடுங்கள். கிளாசிக்கல் கிட்டார் நைலான் கம்பிக்காகவே செய்யப்படுவது. ஆறு நைலான் கம்பியும் சேர்ந்து இழுப்பது ஏறக்குறைய 40 கிலோதான், ஸ்டீலில் மெல்லிய செட்டே 60, 70 கிலோவுக்குப் போய்விடும். சத்தம் கணீரென்று வரட்டும் என்று ஸ்டீல் போட்டுவிடுகிறார்கள், ஆனால் மெல்லிய மேல்பலகையில் வெறும் பசையால் ஒட்டி நிற்கும் பிரிட்ஜ் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அப்புறம் பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு மெல்லிய தாளை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டுவிட்டது என்று அர்த்தம். அந்தச் சந்தில் ஃபெவிக்விக் ஊற்றி அழுத்தி வைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், கொஞ்ச நாளில் திரும்பவும் கிளம்பும், அப்போது மரத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். கிட்டார் ரிப்பேர் தெரிந்தவர் பிரிட்ஜைச் சூடு காட்டி முழுசாக எடுத்து, பழைய பசையைச் சுரண்டி, மரப்பசை போட்டு, கிளாம்ப் மாட்டி ஒரு நாள் அப்படியே விடுவார். அதுதான் சரியான வேலை.

செலவு செய்வதற்கு முன்னால் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் வட்டத் துளையின் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே தெரியும் மர ரேகைகள் விளிம்பிலும் அப்படியே இறங்கினால் ஒரே பலகை, அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். மாணவர்களுக்கான மாடல்கள் பெரும்பாலும் பிளைவுட்தான், அதில் ரிப்பேர் கூலி விற்கும் விலையை நெருங்கினால் உள்ளபடியே சொல்லிக் கம்மி விலைக்குக் கொடுத்துவிடுவது மேல். ஒரே பலகை என்றால் தைரியமாகச் செலவு செய்யலாம். கழுத்து வளைந்திருக்கிறதா என்றும் கேளுங்கள், பல கிளாசிக்கல் கிட்டார்களில் கழுத்துக்குள்ளே திருகி நிமிர்த்தும் இரும்புத் தண்டு கிடையாது, அதனால் வளைவு இருந்தால் சரிசெய்ய நிறைய செலவாகும்.

வார்னிஷை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், கனமாகப் பூசினால் மேல்பலகையின் அதிர்வு மட்டுப்படும், சத்தம் அமுங்கிப்போகும். விஷயம் தெரிந்தவர் புதுப் பூச்சைப் பார்த்ததுமே எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். கீறல்கள் இருந்துவிட்டுப் போகட்டும். லேசாக ஈரம் காட்டிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும், சானிடைசர், ஸ்பிரிட் எதுவும் கிட்டே வர வேண்டாம், சில வகைப் பூச்சு கரைந்துவிடும்.

புது நைலான் கம்பியை, வாங்குபவர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். முதல் சில நாள் அது இழுபட்டுக்கொண்டே இருக்கும், சுருதி நிற்காது. 12-ஆவது பிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்தான் பிரெட்) கம்பிக்கும் பிரெட்டுக்கும் நடுவே மெல்லிய கம்பியில் 3 மில்லிமீட்டர், தடித்த கம்பியில் 4 மில்லிமீட்டர் இருந்தால் விரலுக்குச் சுகமாக இருக்கும்.

விலைக்கு, அதே மாடல் பழையது என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டு பேசுங்கள். அண்ணனிடம் பழைய பெட்டி இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் லேபிள், பிரிட்ஜ், கீறல்கள் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள், பிரிட்ஜ் மறுபடி ஒட்டியது என்பதையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். முடிந்தவரை கூரியரில் அனுப்பாமல், நேரில் வந்து வாசித்துப் பார்த்து வாங்குகிறவருக்கே கொடுங்கள்.