மண் வாத்தியார் பதில்கள்: அடியில் விழும் விரிசல்

கேள்வி: கல்லூரியில் செராமிக்ஸ் இரண்டாம் நிலை படிக்கிறேன். போன வருஷம் கையாலேயே சின்னக் கிண்ணங்கள் செய்தபோது ஒன்றும் ஆகவில்லை. இப்போது சக்கரத்தில் உயரமாக வனைந்தால், காய்ந்ததும் அடியின் நடுவில் எஸ் எழுத்து மாதிரி விரிசல் விழுகிறது. மண் சரியில்லையா?
– வாசகி, திருப்பரங்குன்றம்

பதில்: மண் மேல பழி போடாதே தாயி. சுவரை ரெண்டு விரலுக்கு நடுவில் அழுத்தி இழுக்கிறாய், அதனால் அது இறுகுகிறது. அடிக்கு அந்த அழுத்தம் கிடைப்பதில்லை. போதாததற்கு வனையும்போது விட்ட தண்ணீர் உள்ளே தேங்கி நிற்கிறது. சுவர் முதலில் காய்ந்து விறைத்துவிடும். ஈரம் கூடிய அடி அதற்கப்புறம் சுருங்கப் பார்க்கும். சுவர் விடாது. அடி கிழியும்.

நன்றாக வந்ததாக நீ நினைக்கிற பானை ஒன்றைக் கம்பியால் நெட்டுக்கு அறுத்துப் பார். மனசு வராது, ஆனாலும் அறு. விளிம்பு அப்பளம் போலவும் அடி ஒரு விரல் கனத்திலும் இருந்தால் விஷயம் தெரிந்துவிடும். மண்ணை நடுவுக்குக் கொண்டுவந்து குழி திறந்ததும், ஓரத்திலிருந்து நடுவுக்கும் நடுவிலிருந்து ஓரத்துக்கும் கட்டைவிரலால் அடியை நாலைந்து தரம் அழுத்தித் தேய். எழுந்திருக்கும் முன் ஸ்பாஞ்சால் உள்தண்ணீரை ஒற்றி எடு. விளிம்பு கையில் ஒட்டாத பதம் வந்ததும் கவிழ்த்து வை. இது மதுரை வெயில். ஃபேனுக்கு அடியிலோ மொட்டை மாடியிலோ வைத்துவிட்டுக் கேன்டீனுக்குப் போகாதே. பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திற.

இன்னொன்று. இரண்டாம் நிலையில் மூடியோடு கூடிய ஜாடி செய்யச் சொல்வார்கள். மண் எவ்வளவு சுருங்கும் என்று தெரிந்தால்தான் மூடி பொருந்தும். அதே மண்ணில் ஒரு பட்டை உருட்டி, ஈரத்திலேயே 10 செ.மீ. கோடு கிழித்து வை. காய்ந்தபின் அள, சுட்டபின்னும் அள. 8.8 வந்தால் மொத்தச் சுருக்கம் 12 சதவீதம். மூடியையும் ஜாடியையும் ஒரே நாளில் வனைந்து, மூடியை ஜாடி மேலேயே வைத்துக் காயவிடு.

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாய் மண்ணில் பானை செய்து, கல்லூரிச் சூளையில் 1240 டிகிரியில் கிளேஸ் (கண்ணாடி மாதிரிப் பூச்சு) போட்டுச் சுடலாமா?
– வாசகர், மானாமதுரை

பதில்: பானையாகச் சுடாதீர்கள் தம்பி. நம்ம பக்கத்துச் செம்மண்ணில் இரும்புச்சத்து அதிகம், சில இடங்களில் சுண்ணாம்பும் உண்டு. ரெண்டுமே மண்ணைச் சீக்கிரம் உருக்கிவிடும். 1000 டிகிரியைச் சுற்றிச் சுடுகிற வரை அருமையான மண். 1240-க்குக் கொண்டுபோனால் உப்பும், வளையும், சில நேரம் சூளைத் தட்டில் குழம்பாக ஓடி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் லேப் உதவியாளர் வாயில் விழ வேண்டும்.

ஆனால் உருகுகிற அந்தக் குணத்தையே வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். கண்மாய் மண்ணை ஊறவைத்து, கரைத்து, 80 கண் சல்லடையில் சலித்து, மோர்ப் பதத்தில் எடுங்கள். ஸ்டோன்வேர் (அதிகச் சூடு தாங்கும் மண்) துண்டு ஒன்றில் பூசி, கீழே ஒரு பழைய கிண்ணத்தை வைத்துச் சுட்டுப் பாருங்கள். பல மண்கள் அந்தச் சூட்டில் பழுப்புக் கிளேஸாகவே மாறும். மாறாவிட்டால் கொஞ்சம் ஃபெல்ட்ஸ்பார் (உருக உதவும் கல்பொடி) சேருங்கள். எந்தக் கண்மாய், எந்தக் கரை, எவ்வளவு சேர்த்தீர்கள் என்று ஒவ்வொரு துண்டின் முதுகிலும் இரும்பு ஆக்சைடால் எண் போட்டு, நோட்டில் எழுதுங்கள். எழுதாத சோதனை கடலில் கரைத்த பெருங்காயம்.

போகிற வழியில் கீழடி அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளைப் பாருங்கள். கவிழ்த்துச் சுட்டதில் உள்பக்கத்துக்குக் காற்று கிடைக்காமல் கறுத்தது. காற்றுப் பட்ட வெளிப்பக்கத்தில் அதே இரும்பு சிவந்தது. உங்கள் பாடப் புத்தகத்தில் ரிடக்‌ஷன், ஆக்சிடேஷன் என்று வருவது இதுதான்.

கேள்வி: வகுப்பு முடிந்து பெருக்கினால் எல்லோருக்கும் இருமல் வருகிறது.
– வாசகி, மேலூர்

பதில்: பெருக்கவே கூடாது! மண் தூசியில் சிலிக்கா இருக்கிறது. வருஷக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரல் கெடும். ஈரத் துணியால் துடையுங்கள். கிளேஸ் பொடி கலக்கும்போது துணி மாஸ்க் போதாது, என்95 போடுங்கள்.

கேள்வி: இதற்குமேல் தமிழ்நாட்டில் எங்கே படிக்கலாம்? அப்பா "பானை செய்யவா டிகிரி?" என்கிறார்.
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: கலை வேண்டுமென்றால் 1850-இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் செராமிக் பிரிவு இருக்கிறது. தொழிற்சாலைப் பக்கம் போவதென்றால் விருத்தாசலத்தில் டிப்ளமோ, பி.டெக். என்றால் கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி. அங்கே வேதியியலும் கணக்கும் உயிரை எடுக்கும், பார்த்துச் சேருங்கள். அப்பாவிடம் ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பகுதியைக் காட்டி, அது என்ன என்று கேளுங்கள். அதுவும் சூளையில் வெந்த செராமிக்தான்.