தொண்ணூறு அறுபதானது ஏன்?

கேள்வி: பொறியியல் இறுதியாண்டில் படிக்கும் என் மகள், தோழியருடன் சேர்ந்து, எங்கள் தோட்டத்து லயங்களின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பின்புறம் மழைநீர் தேங்குவதற்குத் தீர்வு தேடி மூன்று மாதம் உழைத்தாள். 'சமூகச் சிக்கல்களுக்கு என்னால் தீர்வு காண முடியும்' என்ற வினாவுக்கு முதலில் நூற்றுக்கு 90 என்று எழுதியவள், முடிவில் 60 என்று எழுதியிருக்கிறாள். பிள்ளையின் நம்பிக்கை உடைந்துவிட்டதா, ஐயா?

– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அவசரப்பட்டுக் கலங்காதீர்கள், அம்மா. முதல் நாள் 90 என்று எழுதியபோது அவள் மனத்தில் இருந்தது, சரிவு பார்த்து வெட்டிய ஒரு கால்வாய் மட்டுமாக இருந்திருக்கலாம். மூன்று மாதத்தில், சமையற்கட்டுக்குள் புகுந்த நீரை விளக்குமாற்றால் தள்ளும் பாட்டியையும், செலவு யாருடையது என்று முடிவாகாத பேச்சுகளையும் கண்டபின், 'தீர்வு' என்ற சொல்லே அவளுக்கு வேறு பொருள் தந்திருக்கும். அப்படியானால் அந்த இரண்டு எண்களும் ஒரே அளவுகோலில் எடுத்தவை அல்ல. இந்தப் பிறழ்வை ஆய்வாளர்கள் 1970களின் இறுதியிலேயே எடுத்துக்காட்டினார்கள். 'இன்று அறிந்ததை வைத்துப் பார்த்தால், தொடக்கத்தில் உனக்கு எத்தனை மதிப்பெண் தருவாய்?' என்று முடிவில் கேட்பது அவர்கள் கண்ட வழி. உங்கள் மகள் 40 என்று சொன்னால், அவள் இருபது ஏறியிருக்கிறாள்.

வினாவிலும் குறை உண்டு. தன்திறன் நம்பிக்கை, அதாவது ஒரு செயலைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை, என்ற கருத்தை 1977இல் விளக்கிய உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா, அதை அளப்பதற்கு 2006இல் எழுதிய வழிகாட்டியில், பொதுவாகக் கேட்காமல் குறிப்பிட்ட செயலைச் சொல்லி, 0 முதல் 100 வரை பத்துப் பத்தாக மதிப்பிடச் சொன்னார். 'செய்வேன்' என்பது எண்ணத்தைக் காட்டும் என்பதால் 'முடியும்' என்றே கேட்க வேண்டும் என்றார். ஆகவே 'குடியிருப்போரிடம் பேசி அவர்களின் முதல் தேவையை அறிய முடியும்', 'நிருவாகத்தின் முன் செலவுக் கணக்கை விளக்க முடியும்', 'வடிகாலின் சரிவைக் கணக்கிட முடியும்' என்று தனித்தனியே கேட்டால்தான் எங்கே தளர்ந்தாள் என்பது புலப்படும். நன்கு பயின்ற சரிவுக் கணக்கிலும் எண் விழுந்திருந்தால் மட்டுமே நானும் கவலைப்படுவேன். அப்போது விரிவுரையாளரிடம் பேசச் சொல்லுங்கள்.

இத்தகைய நம்பிக்கையை வளர்ப்பவற்றுள் தானே செய்து வென்ற அனுபவமே வலிமை மிக்கது என்பதும் பண்டுராவின் முடிவு. முழுத் தோட்டத்தையும் இப்போதே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பாட்டி வீட்டுப் பின்புறத்தில் பத்தடி வடிகாலையாவது அவர்கள் வெட்டி முடிக்கட்டும். அடுத்த அடைமழைக்குப் பிறகு அதே வினாக்களை மீண்டும் நிரப்பச் சொல்லுங்கள். நீர் வடிந்ததா என்று பாட்டியிடமும் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.