முள்ளந்தண்டில் அடிபட்ட தம்பி சிறுநீருக்கு டியூப் போட மறுக்கிறான். காந்த சிகிச்சை வரும்வரை காத்திருக்கலாமா?

விழுந்து எட்டு மாதம், முதுகில் காந்தம் வைக்கும் சிகிச்சை வரட்டும் என்று தம்பி டியூபைத் தொடுவதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காத்திருக்க வேண்டாம். நானும் அப்படி இருந்தவன்தான்.

2013இல் தோட்டத்து நிழல் மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்தேன். சோப்பு போட்டுக் கை கழுவி, நாலு முதல் ஆறு மணிக்கொரு தடவை டியூப் போட்டு எடுக்க ஆஸ்பத்திரியில் நேர்ஸ் மிஸ் பழக்கிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் விட்டுவிட்டேன். லயத்து வரிசை வீட்டில் ஒரே காம்பராவில் (அறையில்) ஆறு பேர், மறைப்புக்கு அம்மாவின் பழைய சேலை. தங்கச்சி குறுக்கே நடக்கும்போது எப்படிப் போடுவது? அதுதான் தானாக ஒழுகுகிறதே என்று இருந்துவிட்டேன்.

ஒழுகியது நிரம்பி வழிந்த மிச்சம்தான். சிறுநீர்ப்பை சுருங்கும் அதே நேரம் அதன் வாயும் இறுகிக்கொள்ளுமாம். அழுத்தம் ஏறி, சிறுநீர் மேலே சிறுநீரகத்துக்கே திரும்பும். ஒரு மழை இரவில் குளிர் காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்டது. லயத்து ஆட்கள் கம்பளியில் கிடத்தி, படி இறக்கி ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருந்தன. அன்றிலிருந்து நாளுக்கு ஐந்து தடவை, ஒரு நாளும் விட்டதில்லை. வீக்கம் வற்றிவிட்டது.

நான் டொக்டர் இல்லை. புதிய சிகிச்சை பொய் என்றும் சொல்லவில்லை. 2018இல் லொஸ் ஏஞ்சலிஸில் ஐந்து ஆண்களுக்குக் காந்தம் வைத்துப் பார்த்தார்கள். ஐவராலும் சொந்தமாகச் சிறுநீர் கழிக்க முடிந்தது. படித்தபோது எனக்கே கண் கலங்கியது. ஆனால் அதில் நாலு பேருக்கு அப்புறமும் தினம் ஒரு தடவையாவது டியூப் தேவைப்பட்டது. சிறுநீர்ப்பைத் தசையைத் தளர்த்தும் போட்டொக்ஸ் ஊசி அப்படிப் பரிசோதனையில் இருப்பதல்ல, அமெரிக்காவில் 2011லேயே அனுமதித்துவிட்டார்கள். சில மாதங்களுக்கு ஒழுக்கு குறையும். அதைப் போட்டாலும் பெரும்பாலும் டியூப் வேண்டும். கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள்.

கிளினிக் திகதியை அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், கடிதத்தை நம்ப வேண்டாம். லயத்தில் எங்களுக்குத் தனி முகவரி ஏது? எல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் போகிறது. என் ஸ்கேன் கடிதம் திகதி முடிந்து பதினொரு நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இங்கேயே இருக்கிறோம், கதவுக்கு ஓர் இலக்கம் இல்லை.

தம்பிக்கு வெட்கம் என்றால் இங்கே கீழே அவரையே எழுதச் சொல்லுங்கள். சேலை மறைப்புக்குள் எப்படிப் போடுவது என்று நான் சொல்லித் தருகிறேன்.