மெலனோமா அறிக்கையில் ‘பாசிட்டிவ்’ என்றால் நோய் முற்றியதாகப் பொருளா?

கேள்வி: என் தாயாரின் முதுகிலிருந்து அகற்றிய மச்சத்தில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் இருப்பதாகத் திசுப் பரிசோதனை அறிக்கை வந்துள்ளது. எஸ்-100, சாக்ஸ்-10, மெலன்-ஏ, பிரேம் ஆகிய நான்கும் பாசிட்டிவ். கேஐ-67 20 சதவீதம். இத்தனை பாசிட்டிவ் இருப்பதால் நோய் முற்றிவிட்டதா?

பதில்: இல்லை. இவை உயிரணுக்களில் உள்ள புரதங்களைச் சாயமேற்றிக் கண்டறியும் குறிப்பான்கள். அவற்றில் முதல் மூன்றும் அந்த உயிரணுக்கள் நிறமி உயிரணு வகையைச் சேர்ந்தவை என்று மட்டுமே காட்டுகின்றன. சாதாரண மச்சத்திலும் இவை பாசிட்டிவாகவே இருக்கும். பிரேம் சற்று வேறுபட்டது. பெரும்பாலான சாதாரண மச்சங்களில் அது தென்படுவதில்லை என்பதால், முக்கால் பங்குக்கு மேற்பட்ட உயிரணுக்களில் அது பரவலாகக் காணப்பட்டால் மெலனோமா என்ற முடிவுக்கு வலுச் சேர்க்கிறது. ஆனாலும், நுண்ணோக்கியில் தெரியும் திசு அமைப்போடு சேர்த்துப் பார்த்தே நோய்க்குறியியல் மருத்துவர் முடிவு சொல்வார். கேஐ-67 உயிரணுக்கள் பெருகும் வேகத்தைக் காட்டுவது. நோய் எந்தக் கட்டத்தில் உள்ளது என்பதைச் சொல்லும் நிலைக் (ஸ்டேஜ்) கணக்கில் அதற்கு இடமில்லை.

நிலையைத் தீர்மானிப்பதில் முதலிடம் பிரெஸ்லோ தடிமனுக்குத்தான். மேல்தோலின் துகளடுக்கிலிருந்து கட்டியின் மிக ஆழமான உயிரணு வரை அளக்கப்படும் இத்தடிமனை 1, 2, 4 மி.மீ. என்ற எல்லைகளை வைத்து வகைப்படுத்துகிறார்கள். மேற்பரப்பில் புண் உண்டா என்பதும் சேர்த்துப் பார்க்கப்படுகிறது. தடிமன் 1 மி.மீ.க்கு மேல் இருந்தால் கட்டியிலிருந்து நிணநீர் முதலில் சென்று சேரும் நிணநீர்க் கணுவை எடுத்துப் பரிசோதிப்பது குறித்துப் பேசுவார்கள், 0.8 மி.மீ. முதலே, அல்லது புண் இருந்தாலே, அந்தப் பேச்சு எழலாம்.

குறிப்பான்கள் நிலையை உண்மையாகவே மாற்றக்கூடிய இடம் அந்தக் கணுதான். வழக்கமான சாயத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும் ஓரிரு புற்று உயிரணுக்களை மெலன்-ஏ அல்லது சாக்ஸ்-10 காட்டிக்கொடுத்தால், அவை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கணுவில் நோய் உண்டு என்றே கொள்ளப்பட்டு, நோய் மூன்றாம் நிலையாகிவிடும். அதே சமயம், கணுவின் உறையில் தீங்கற்ற மச்ச உயிரணுக்கள் தங்கியிருப்பதும் உண்டு. அவையும் மெலன்-ஏ பாசிட்டிவாகத் தெரியும் என்பதால், இங்கே அனுபவமுள்ள மருத்துவரின் கண் மிக முக்கியம். ஐயம் இருந்தால் திசு வைக்கப்பட்ட கண்ணாடி வில்லைகளை (ஸ்லைடு) இன்னொரு நிபுணரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

ஆகவே அடுத்த சந்திப்பில் தடிமன் எத்தனை மி.மீ., புண் உண்டா, வெட்டு விளிம்புகளில் நோய் எஞ்சியுள்ளதா என்ற மூன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள். பிராஃப் மரபணு மாற்றத்துக்கான சோதனை நிலையைச் சொல்வதற்கல்ல, மருந்தைத் தேர்வதற்கு. பெரும்பாலும் ஏற்கெனவே எடுத்து மெழுகில் பதித்து வைத்துள்ள திசுவிலேயே அதைச் செய்ய முடியும் என்பதால், அதற்காக உங்கள் தாயார் மீண்டும் ஓர் அறுவைக்கு உட்பட வேண்டியிருக்காது.