பி.காம் முடிச்ச பொண்ணு டாக்டராக ஒரு காணிய விக்கணுமா?

கேள்வி: சார், எனக்கு 24 வயசு. ப்ளஸ் டூல காமர்ஸ் குரூப், அப்புறம் பி.காம். திருப்பாதிரிப்புலியூர்ல வீடு, டெய்லி பஸ் புடிச்சு பாண்டில ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் வேலைக்கு போறேன், கைக்கு 22,000 வருது. ரெண்டு வருஷம் முன்னாடி அம்மாவுக்கு முடியாம போய் 40 நாள் ஆஸ்பத்திரில கூடவே இருந்தேன், அப்ப மனசுல உக்காந்தது, டாக்டருக்கு படிக்கணும்னு. அமெரிக்காவுல இருக்கற பெரியப்பா பையன் எந்த டிகிரி வெச்சிருந்தாலும் மெடிக்கலுக்கு அப்ளை பண்ணலாம்ங்கறான். இங்க ஒரு கன்சல்டன்சில ஜார்ஜியா சீட், மொத்தம் 25 லட்சம், நீட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், மாசக் கடைசிக்குள்ள 1 லட்சம் அட்வான்ஸ் கட்டுங்கங்கறாங்க. சேவிங்ஸ் 3,20,000 இருக்கு, நகை 15 பவுன், மாசம் 5,000 வீதம் 20 மாச ஏலச்சீட்டுல 11 மாசம் கட்டியாச்சு. பிஎஃப் 3 வருஷமா பிடிக்கறாங்க. அப்பாவுக்கு பென்ஷன் 19,000, தம்பி காலேஜ் ரெண்டாவது வருஷம். நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு காணி கரும்பு நிலம் இருக்கு, அத வித்துடலாம்மாங்கறார் அப்பா. என்ன பண்றது சார்?

பதில்: மொதல்ல அந்த 1 லட்சத்த கட்டாதீங்கம்மா. மிச்சத்த அப்புறம் பேசுவோம், இத மட்டும் இன்னிக்கே முடிவு பண்ணிடுங்க.

ஏன்னா "நீட் அப்புறம் பாத்துக்கலாம்"னு சொன்னாங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தையிலயே எல்லாம் தெரிஞ்சுபோச்சு. 2018-லேர்ந்து வெளிநாட்டுக்கு மெடிக்கல் படிக்க போறவங்களும் நீட்ல குவாலிஃபை ஆகியிருக்கணும். அது இல்லாம ஆறு வருஷம் அங்க இருந்துட்டு வந்தா இங்க எஃப்எம்ஜிஇ, அதான் வெளிநாட்டுல படிச்சவங்க இங்க டாக்டராக பாஸ் பண்ண வேண்டிய பரிட்சை, அத எழுதவே விடமாட்டாங்க, பட்டத்த ஃப்ரேம் போட்டு வீட்ல மாட்டிக்க வேண்டியதுதான். நீட் எழுதணும்னா ப்ளஸ் டூல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி வேணும், அது உங்ககிட்ட இல்ல. சித்தா, ஹோமியோபதின்னு திரும்பினாலும் அங்கயும் இதே நீட்தான்.

உங்க பெரியப்பா பையன் பொய் சொல்லல, ஆனா அவன் சொல்றது அந்த ஊர் கணக்கு. அங்க மெடிக்கல்ங்கறதே ஒரு டிகிரிய முடிச்சிட்டு படிக்கற 4 வருஷ படிப்பு, அதனால ஹிஸ்டரி படிச்சவனும் போகலாம், மியூசிக் படிச்சவனும் போகலாம், ஆனா அவனும் பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ்னு குறிப்பிட்ட பாடங்கள லேபோட முடிச்சிட்டு எம்கேட்ங்கற அந்த ஊர் நுழைவுத் தேர்வ எழுதியாகணும், டிகிரில அதெல்லாம் படிக்காதவங்க அப்புறமா ஒண்ணு ரெண்டு வருஷம் அத மட்டும் தனியா காசு கட்டி படிக்கறாங்க, போஸ்ட்பேக்னு அதுக்குன்னே கோர்ஸ் இருக்கு. அந்த நாலு வருஷத்துக்கு தனியார் காலேஜ்னா 3 லட்சம் டாலர் சாதாரணமா தாண்டும். வெளிநாட்டு பிள்ளைங்கள சேத்துக்கற காலேஜும் கம்மி. விடுங்க.

நம்ம ஊர்ல உங்க பி.காம் இதுக்கு உதவவும் உதவாது, தடையும் இல்ல. நமக்கு கேக்கறது ப்ளஸ் டூ பாடம் மட்டும்தான். முன்னாடி இந்த கதவு மூடிதான் இருந்துச்சு, 2023 நவம்பர்ல என்எம்சி, அதான் தேசிய மருத்துவ ஆணையம், ஒரு அறிவிப்பு விட்டாங்க, ப்ளஸ் டூ பாஸ் பண்ணதுக்கு அப்புறம் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜிய கூடுதல் பாடமா எழுதி பாஸ் பண்ணவங்களும் நீட் எழுதலாம்னு. வயசுக்கும் மேல் வரம்பு கெடையாது. அதனால என்ஐஓஎஸ், அதான் மத்திய அரசோட ஓபன் ஸ்கூல், அதுல இந்த மூணு பாடத்த எழுதுங்க. ஏப்ரல்-மே ஒரு தடவ, அக்டோபர்-நவம்பர் ஒரு தடவ பரிட்சை நடக்கும், பிராக்டிகலும் உண்டு, அதுக்கு ஸ்டடி சென்டருக்கு போகணும், அத மட்டும் ஏமாத்திடாதீங்க. மூணு பாடத்துலயும் சேத்து 50 சதவீதம் வேணும், ஓபிசி, எஸ்சி, எஸ்டின்னா 40. செலவு சில ஆயிரம்தான். உங்களுக்கு ஒரு நல்ல புடவை வாங்கற காசு.

இப்ப புரியுதா நான் எங்க வரேன்னு? உங்களுக்கு முன்னாடி இருக்கற மொத ரெண்டு படிக்கு, ஓபன் ஸ்கூல், நீட், இந்த ரெண்டுக்கும் நிலம் தேவையில்ல. மூணாவது படிக்குத்தான் பெரிய காசு, அந்த படிக்கு எவ்வளவு ஆகும்ங்கறது நீங்க எடுக்கற மார்க்க பொறுத்தது. மார்க் வர்றதுக்கு முன்னாடியே காணிய வித்தா அந்த காசு சும்மா இருக்காது, எதாவது ஒரு ஏஜென்ட்டோட அக்கவுண்ட்டுக்கு தானா வழி தேடி போயிடும். என்கிட்ட வந்த ஒரு அப்பா அப்படி வித்துட்டு வந்து உக்காந்தாரு, பேசக்கூட முடியல அவரால.

மார்க் கணக்கு சொல்றேன். நீட் மொத்தம் 720, தப்புக்கு மைனஸ் உண்டு, தமிழ்லயும் எழுதலாம். 2025-ல பொதுப் பிரிவுக்கு பாஸ் மார்க் வெறும் 144. கேட்டா ஈஸியா இருக்கும். ஆனா அது குவாலிஃபை ஆகறதுக்கு மட்டும்தாம்மா, கவர்ன்மென்ட் சீட்டுக்கும் அதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இந்த 144-ஐ காட்டித்தான் ஏஜென்ட்டுங்க பாதி பேர பிளேன் ஏத்தறாங்க.

நல்ல மார்க் வந்து கவர்ன்மென்ட் காலேஜ் கெடச்சா ஃபீஸ் வருஷத்துக்கு 20,000-க்குள்ளதான், ஹாஸ்டல் மெஸ் புக்குன்னு சேத்து லட்சம், ஒண்ணேகால் லட்சம்னு வெச்சுக்கங்க. உங்க மாவட்டத்துலயே சிதம்பரத்துல இருக்கே, ராஜா முத்தையா, இப்ப அது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி, அங்கயே 2021-க்கு முன்னாடி வருஷத்துக்கு அஞ்சு லட்சத்துக்கு மேல வாங்கிட்டு இருந்தாங்க, பசங்க அம்பது நாளுக்கு மேல உக்காந்து போராடின அப்புறம்தான் கவர்ன்மென்ட் ஃபீஸுக்கு வந்துச்சு. இந்த மாதிரி சீட்டுன்னா மொத்த படிப்பும் 7.5 லட்சத்துக்குள்ள முடியும், அதுவரைக்கும் எஜுகேஷன் லோனுக்கு அடமானமே கேக்க மாட்டாங்க. தனியார் காலேஜ்ல கவர்ன்மென்ட் கோட்டான்னா வருஷத்துக்கு 4 லட்சத்துக்கு மேல, மேனேஜ்மென்ட்னா 13 லட்சத்துக்கு மேல. மேனேஜ்மென்ட் பக்கமே போகாதீங்க, மொத்தம் அறுபது லட்சத்த தாண்டும், உங்க குடும்பத்துக்கு அது ஆகாது. இன்னொண்ணு, பாண்டில வேலை பாக்கறதால சென்டாக்ல, அதான் பாண்டிச்சேரி அரசோட அட்மிஷன் கவுன்சிலிங்ல, பாண்டிச்சேரி கோட்டா கெடைக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, வீடு கடலூர்ல இருக்கற நீங்க தமிழ்நாட்டு லிஸ்ட்டுதான். கோரிமேடு ஜிப்மருக்கு ஆல் இந்தியா ரேங்க்ல போகலாம், அது வேற.

ஜார்ஜியா கணக்கையும் போட்டுடுவோம், இல்லன்னா மனசு அடங்காது. 25 லட்சத்த வருஷத்துக்கு 5 லட்சமா அஞ்சு தடவ லோன் எடுக்கறீங்கன்னு வைங்க, வட்டி 10 சதவீதம். படிப்பு 6 வருஷம், அதுக்கு மேல 1 வருஷம் டைம், அப்புறம்தான் இஎம்ஐ ஆரம்பம். அதுக்குள்ளயே தனி வட்டியா 12.5 லட்சம் ஏறியிருக்கும். ஆக 37.5 லட்சம், பத்து வருஷத்துல கட்டினா மாசம் 49,500 ரூபா கிட்ட. அதே நேரத்துல நீங்க எஃப்எம்ஜிஇ பாஸ் பண்ணணும், 300-க்கு 150, நெறய பேர் மொத தடவ தாண்டறதில்ல, அப்புறம் இங்க ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். சம்பளம் வர்றதுக்கு முன்னாடி இஎம்ஐ வந்துடும். இவ்வளவு பெரிய லோனுக்கு அடமானமும் கேப்பாங்க, விவசாய நிலத்த பொதுவா பேங்க் ஏத்துக்காது, கேக்கறது உங்க வீட்டத்தான். அப்பாகிட்ட இத அப்படியே படிச்சு காட்டுங்க.

சரி, இருக்கற காச என்ன பண்றது. வேலைய இப்ப விடாதீங்க. ஓபன் ஸ்கூல் படிக்கற வருஷம் பூரா சம்பளம் வரட்டும், பஸ்ல போக வர ஒன்றரை மணி நேரம் கெடைக்குமே, பயாலஜிய அதுலயே பாதி ஓட்டலாம். சீட்ட இப்ப கழிச்சு எடுக்காதீங்க, பாக்கி 9 மாசம்தான, கடைசி வரைக்கும் கட்டி முழுசா வாங்குங்க, கரெக்டா நீங்க வேலைய விடற நேரத்துக்கு கைக்கு வரும். 3,20,000-ல 2 லட்சம் எஃப்டில போட்டு மறந்துடுங்க, அது அம்மா ஆஸ்பத்திரிக்கும் தம்பி ஃபீஸுக்கும். மிச்சமும் சீட்டு காசும் நீட்டுக்கு. நீட்டுக்கு முன்னாடி ஒரு ஆறு மாசம் மட்டும் வேலைய விட்டுட்டு முழுசா உக்காருங்க. ஃபுல்டைம் ரிப்பீட்டர் பேட்ச்சுக்கு லட்சத்துக்கு மேல கேப்பாங்க, எடுத்த உடனே அங்க போக வேண்டாம், மொத மூணு மாசம் பிசிக்ஸ் உங்களுக்கு ஏறுதான்னு பாருங்க. காமர்ஸ் பிள்ளைங்க அங்கதான் கவுறுவாங்க, பயாலஜில இல்ல.

வேலைய விட்டதும் பிஎஃப்ப எடுக்காதீங்க, 5 வருஷம் சர்வீஸ் ஆகாம எடுத்தா வரி இருக்கு. நகைய வெச்சு கடன் வேண்டவே வேண்டாம், நகைக்கடன் வருஷா வருஷம் திருப்பணும், வருமானமே இல்லாம அஞ்சரை வருஷம் யாரு திருப்பறது?

எழுதறதுக்கு முன்னாடி ஒரு லிமிட் போட்டுக்கங்க, ரெண்டு அட்டெம்ப்ட். இது மார்க்க பத்தி மட்டும் சொல்லல. 26 வயசுல சேந்தா எம்பிபிஎஸ் முடியறப்ப 31, 32 ஆகும், பிஜி பண்ணா 35. அந்த அஞ்சரை வருஷத்துல இப்ப வாங்கற சம்பளம் மட்டுமே ஏறாம 14,52,000 விட்டுப்போகுது. அதுக்காக வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ஆசைப்பட்டு படிக்கறவங்களுக்கு அந்த காசு நஷ்டமே இல்ல. ஆனா மூணாவது நாலாவது அட்டெம்ப்ட்னு போனா ஆசை போய் வீம்பு வந்துடும், தம்பி படிப்பு முடியற வரைக்கும் வீடு அப்பா பென்ஷன்லயே ஓடணும் பாருங்க.

இந்த வாரம் என்ஐஓஎஸ் அட்மிஷன் எப்பன்னு பாத்து அப்ளிகேஷன் போடுங்க. அந்த கன்சல்டன்சிலேர்ந்து போன் வந்தா, நீட் இல்லாம சேந்தா இந்தியாவுல பிராக்டிஸ் பண்ணலாம்னு லெட்டர்ஹெட்ல எழுதி கையெழுத்து போட்டு குடுங்கன்னு கேளுங்க, அதுக்கப்புறம் போனே வராது. மூணு பாடத்துக்கும் மார்க்ஷீட் கைக்கு வந்ததும் மறுபடி எழுதுங்க, லோன் பேப்பர அப்ப பாப்போம்.