அறுபது மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு எந்தப் பள்ளி?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் படிக்கும் தனியார் பள்ளியில் எட்டுக்கு மேல் வகுப்பு இல்லாததால், வரும் ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர்த்தாக வேண்டும். படிப்பில் அவள் சராசரி. பெரும்பாலும் ஐம்பத்தைந்திலிருந்து அறுபத்தைந்துக்குள் வாங்குவாள். தமிழில் கொஞ்சம் கூடும். கணக்கில் சில சமயம் நாற்பதுக்கு இறங்கிவிடும். அவளைப் பற்றி இதுவரை எந்த ஆசிரியரும் புகார் சொன்னதில்லை.

என் கணவர் கரூரில் சிறிய அளவில் ஜவுளி வியாபாரம் செய்கிறார். அவருடைய அண்ணன் மகன் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் படித்து, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்து, இப்போது பொறியியல் படிக்கிறான். அன்று முதல் இவளையும் அங்கேயே சேர்க்க வேண்டும் என்று கணவரும் மாமியாரும் ஒரே பிடியாக நிற்கிறார்கள். நுழைவுத் தேர்வுக்கு அழைத்துப் போனோம். தேர்வை அவள் சரியாக எழுதவில்லை என்றும், அண்ணன் படித்த பள்ளி என்பதால் இடம் தருவதாகவும், ஆனால் ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் எழுபது சதவீதத்துக்குக் கீழே வந்தால் மாற்றுச் சான்றிதழை நாங்களே வாங்கிக்கொள்வதாக எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றும் அலுவலகத்தில் சொன்னார்கள். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேதான் சொன்னார்கள். கட்டணமும் விடுதியுமாக ஆண்டுக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டும்.

வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில், பன்னிரண்டு வரை உள்ள மெட்ரிக் பள்ளி ஒன்று இருக்கிறது. பெரிய பெயரில்லாத பள்ளி. "அங்கே போட்டால் இப்படியேதான் இருப்பாள்" என்கிறார் கணவர். நகையை அடகு வைத்தாவது விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடலாமா? மகள் வாய் திறப்பதில்லை. ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள் இரவு மட்டும், "அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டீங்களாம்மா?" என்று கேட்டாள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
கரூர் மாவட்டம்.

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாக யோசிக்கலாம். இதில் மட்டும் எனக்குத் தயக்கமில்லை. நுழைவதற்கு முன்பே வெளியேறும் நாளைக் குறித்துக் கொடுக்கும் இடத்தில், வீட்டைப் பிரிந்து, விடுதியில் தங்கி ஒரு பதின்மூன்று வயதுப் பெண் நிம்மதியாகப் படிக்க முடியாது. ஒவ்வொரு வாராந்திரத் தேர்வும் அவளுக்கு அந்த எழுபதை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். அவள் அன்றிரவு உங்களிடம் கேட்டதைப் பார்த்தால், அவளுக்கு இது இப்போதே புரிந்திருக்கிறது.

சட்டம் இந்த இடத்தில் கைகொடுக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கைக்குத் தேர்வு வைப்பதையும், எட்டாம் வகுப்பு முடியும் முன் பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்குவதையும் தடை செய்கிறது. உங்கள் மகள் அந்தப் பாதுகாப்பைத் தாண்டி ஒன்பதுக்குள் காலெடுத்து வைக்கிறாள். எனவே அவளுக்காகப் பள்ளியைத் துருவிப் பார்க்க வேண்டிய பொறுப்பு முழுக்கப் பெற்றோருடையதாகிறது.

பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பள்ளி வாசலில் தட்டி வைத்திருப்பார்கள். ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற 35 மதிப்பெண் போதும். தடுமாறும் பிள்ளைகளை ஒன்பதிலேயே அனுப்பிவிட்டால் அந்த நூறு தானாகவே வந்துவிடும், அதற்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. மாநில அளவில் முதல் இடம், இரண்டாம் இடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் தமிழக அரசு நிறுத்திவிட்டது. தட்டிகளில் மட்டும் முகங்கள் குறையவில்லை. அந்தப் படங்களில் உங்கள் மகளைப் போன்ற பிள்ளை ஒன்றுகூட இருக்காது என்பதால், அவற்றிலிருந்து உங்களுக்குத் தெரியவரும் செய்தி எதுவுமில்லை. உங்கள் மூத்தாரின் பிள்ளையின் கதையும் அப்படித்தான். ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது அவன் என்ன மதிப்பெண்ணோடு போனான் என்று கணவரிடம் கேட்டுப் பாருங்கள். எண்பதோடு உள்ளே போன பையன் தொண்ணூறோடு வெளியே வந்தான் என்பதை வைத்து, அறுபதோடு போகும் பெண்ணுக்கு அங்கே என்ன நடக்கும் என்று சொல்ல இயலாது.

நான் மிகவும் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. மதிப்பெண்ணே குறியாக நடக்கும் பள்ளிகள் பலவற்றில் ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தையும், பதினொன்றிலேயே பன்னிரண்டின் பாடத்தையும் தொடங்கிவிடுகிறார்கள். பதினொன்றாம் வகுப்புக்கு 2017-18இல் பொதுத் தேர்வு கொண்டுவரப்பட்டதற்கே இந்த வழக்கம்தான் முக்கியக் காரணம். கூர்மையான பிள்ளை விட்டுப்போனதை எப்படியோ ஊகித்துப் பிடித்துக்கொள்ளும். சராசரிப் பிள்ளையால் அது முடியாது. முக்கோணவியலும் ஆயத்தொலை வடிவியலும் நம் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கில்தான் முதன்முதலில் வருகின்றன; பத்தாம் வகுப்பு அவற்றின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. சைன், காஸ் என்றால் என்னவென்று விளங்காமலேயே முற்றொருமைகளை நிறுவும் கணக்குகளை மனப்பாடம் செய்கிற பெண், தேர்வில் ஓர் எண் மாறிவந்தால் பேனாவை மூடிவிடுவாள். கணக்கில் ஏற்கெனவே நாற்பதுக்கு இறங்கும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு ஓர் ஆண்டு முழுமையாக வேண்டும்.

ஆகவே உள்ளூர் மெட்ரிக் பள்ளிக்கு நேரில் போங்கள். அது பெயரில்லாத பள்ளி என்பதாலேயே நல்ல பள்ளி ஆகிவிடாது; அதையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பில் முதலிடம் யார் என்று கேட்காமல், ஐந்நூறுக்கு முந்நூறு எடுத்தவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குப் பதினொன்றில் இதே பள்ளியில் கேட்ட பிரிவு கிடைத்ததா என்று கேளுங்கள். ஒன்பதில் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வை அங்கேயே எழுதினார்கள் என்பது அதைவிட முக்கியமான கேள்வி. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார் என்பதையும் விசாரியுங்கள். முடிந்தால், அங்கே படிக்கும் பிள்ளை ஒன்றின் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். தவறான வரியில் ஆசிரியர் வட்டமிட்டு, பக்கத்தில் திருத்தம் எழுதியிருக்கிறாரா, அல்லது பக்கத்துக்குப் பக்கம் ஒரே ஒரு சிவப்புக் கீற்று மட்டும் ஓடுகிறதா என்று பார்த்தால், அரை மணி நேரப் பேச்சில் தெரியாதது தெரிந்துவிடும்.

அதற்கு முன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. அவளுடைய அரையாண்டு விடைத்தாள்களை எடுத்துவைத்து, மதிப்பெண் எங்கே போயிருக்கிறது என்று அவளோடு உட்கார்ந்து பாருங்கள். திட்டுவதற்காக அல்ல. பின்னங்களிலும் குறை எண்களிலும்தான் சறுக்குகிறாள் என்றால், கோடை விடுமுறையில் அந்த இரண்டை மட்டும் சரிசெய்யலாம். தமிழில் நன்றாக எழுதுகிறவள் அறிவியலில் வாக்கியம் அமைக்க முடியாமல் திணறுகிறாள் என்றால், அவளுக்குக் குறைவது ஆங்கிலமே தவிர அறிவியல் அல்ல. "சராசரி" என்ற ஒரே சொல்லுக்குள் இப்படி வெவ்வேறு காரணங்கள் ஒளிந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளை சராசரி என்றதும், நடனமோ ஓவியமோ விளையாட்டோ ஏதாவது ஒரு தனித்திறமையைத் தேடிப் பிடித்து ஈடுகட்டிவிட வேண்டும் என்ற பதற்றம் பல வீடுகளில் வந்துவிடுகிறது. உங்கள் மகளுக்கு அது வேண்டாம். அறுபது மதிப்பெண் வாங்கும், சொன்ன வேலையைச் செய்யும் பெண்ணுக்கு எந்த ஈடும் தேவையில்லை.

எதிர்காலம் என்ன ஆகும் என்று கணவர் அஞ்சுவது இயல்பே. தமிழகத்தில் பொறியியல் சேர்க்கைக்கான 200 மதிப்பெண், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு, இயற்பியல், வேதியியலிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு அதில் எங்கும் வருவதில்லை. பத்துக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமா முடித்து, பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் உண்டு. வணிகவியல் பிரிவு எடுத்தால், உங்கள் வீட்டுத் தொழிலுக்கே அது பயன்படும். நகையை இப்போது அடகு வைத்துவிட்டால், சில ஆண்டுகள் கழித்து இவற்றில் ஏதேனும் ஒன்றுக்குப் பணம் தேவைப்படும்போது கையில் ஒன்றும் இருக்காது. வட்டி கட்டும் வீட்டில் அந்தப் பேச்சு பிள்ளையின் காதில் விழாமலும் இருக்காது.

கணவரிடம் விடுதிப் பள்ளி கூடாது என்று வாதாடாதீர்கள். அது அவருடைய அண்ணன் குடும்பத்தைக் குறை சொல்வதாக முடியும். அந்தக் கையெழுத்துத் தாளைப் பற்றி மட்டும் பேசுங்கள். அது இல்லாமல் சேர்த்துக்கொள்வார்களா என்று அவரையே பள்ளியில் கேட்கச் சொல்லுங்கள். மாட்டோம் என்றால் உள்ளூர்ப் பள்ளிக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அன்று மகளும் உடன் வரட்டும். ஆனால் அவளுடைய மதிப்பெண்ணைப் பற்றிய பேச்சு வரும்போது, அவளை வெளியே வகுப்பறைகளைச் சுற்றிப் பார்த்துவர அனுப்பிவிடுங்கள். கையெழுத்துப் போடவில்லை என்பதை இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள்.