'இன்டென்சிஃபை' என்றால் என்ன? புயல் அறிக்கையில் அந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொள்வது?

ஏற்கெனவே இருக்கும் ஒன்று முன்பைவிடக் கடுமையாவதுதான் 'இன்டென்சிஃபை'. வலுப்பெறு, தீவிரமடை என்று தமிழில் சொல்லலாம். உச்சரிக்கும்போது 'டென்' என்ற இடத்தில் அழுத்தம் விழும். நீங்கள் இந்தச் சொல்லைப் பார்த்தது வானிலை ஆய்வு மையத்தின் ஆங்கில அறிக்கையில் என்பதால், இலக்கணத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் புயலுக்கு வருகிறேன்.

தமிழில் தானாக நடப்பதற்கு ஒரு சொல், ஒருவர் செய்வதற்கு இன்னொரு சொல். வலி தீவிரமடைந்தது, போலீஸ் தேடுதலைத் தீவிரப்படுத்தியது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'இன்டென்சிஃபைட்' தான். பின்னால் செயப்படுபொருள் வந்தால் யாரோ செய்கிறார்கள், வராவிட்டால் தானாக நடக்கிறது. 'ஸ்ட்ரெங்தன்' என்பதும் வலுப்பெறுவதுதான், ஆனால் அது பெரும்பாலும் நாம் விரும்பும் வலு: தசை, பாலம், உறவு, டாலருக்கு எதிரான ரூபாய். வலி, சண்டை, வெயில், போராட்டம் என்று வந்தால் 'இன்டென்சிஃபை' தான் பொருந்தும். புயலுக்கு இரண்டும் வரும்.

சரி, அறிக்கையில் வரும் வாக்கியத்தைப் பார்ப்போம். 'லைக்லி டு இன்டென்சிஃபை ஃபர்தர் இன்டு எ சைக்ளோனிக் ஸ்டார்ம்' என்று இருக்கும். மேலும் வலுப்பெற்றுப் புயலாக மாறக்கூடும் என்று பொருள். இதில் கவனிக்க வேண்டியது 'இன்டு' என்ற சின்னச் சொல். அதற்குப் பின்னால் வருவது ஒரு படியின் பெயர், ஒவ்வொரு படிக்கும் காற்றின் வேகத்தில் ஒரு கணக்கு உண்டு. மூன்று நிமிடச் சராசரிக் காற்று மணிக்கு 31 கி.மீ.யைத் தொட்டால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50ஐத் தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62இல் புயல், பெயர் வைப்பதும் இந்தப் படியில்தான். 89இல் தீவிரப் புயல், 118இல் மிகத் தீவிரப் புயல், அதற்கு மேலும் இரண்டு படிகள் இருக்கின்றன. ஆக, அறிக்கையில் 'இன்டென்சிஃபை' என்றால் காற்று அடுத்த படிக்கு ஏறுகிறது என்று பொருள். கரையை நெருங்குகிறது என்றோ, அளவில் பெரிதாகிறது என்றோ பொருள் இல்லை. ஆளில்லாத நடுக்கடலிலும் ஒரு புயல் வலுப்பெறும், அப்புறம் கரைக்கு வராமலே கலைந்தும் போகும்.

இந்த வலு கடலிலிருந்துதான் வருகிறது. கடல்மேற்பரப்பு சுமார் 26.5 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். அங்கிருந்து எழும் நீராவி மேலே குளிர்ந்து மேகமாகும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. அந்த வெப்பத்தால் நடுப்பகுதியில் அழுத்தம் இன்னும் குறைய, சுற்றியுள்ள காற்று இன்னும் வேகமாக உள்ளே பாய்கிறது. அது இன்னும் அதிக நீராவியை எடுத்துவருகிறது. மேல்மட்டக் காற்றும் கீழ்மட்டக் காற்றும் வேறு வேறு வேகத்திலோ திசையிலோ வீசினால் இந்தச் சுழற்சி சிதைந்து, வலுப்பெறுவது நின்றுவிடும்.

சில புயல்கள் படிகளை மிக வேகமாக ஏறிவிடும். 24 மணி நேரத்தில் காற்று சுமார் 55 கி.மீ. கூடினால் அதை 'ரேப்பிட் இன்டென்சிஃபிகேஷன்' என்பார்கள். 2017இல் ஒக்கி நவம்பர் 29 அன்று இலங்கைக்கு அருகே தாழ்வு மண்டலமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை குமரிக் கடலில் புயல். ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு ஏற்கெனவே போயிருந்த படகுகளுக்குச் சேதி போய்ச்சேர வழியில்லை. குமரி மாவட்டத்திலும் கேரளக் கரையிலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவில்லை. அதனால்தான் தாழ்வு மண்டலம் என்ற கட்டத்திலேயே 'லைக்லி டு இன்டென்சிஃபை' என்று வந்தால், கடலுக்குப் போகும் குடும்பங்கள் அதைப் பெரிய செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதன் எதிர்ச்சொல் 'வீக்கன்', வலுவிழப்பது. என்னைக் கேட்டால், 'இன்டென்சிஃபை'யைவிட இதைத் தவறாகப் புரிந்துகொள்வதுதான் ஆபத்து. புயல் வலுவிழந்தது என்று கேட்டவுடன் மழையும் விட்டுவிடும் என்று நினைத்துவிடுகிறோம். வலுவிழப்பது காற்று மட்டும்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, புயல் என்ற பெயருக்குரிய முதல் படியில்தான் இருந்தது. ஆனால் கரை ஏறியதும் நகராமல் அங்கேயே நின்றதால் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. டிசம்பர் 1 அன்று அது வலுவிழந்துகொண்டிருந்தது. அன்று மாலைதான் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண்சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். மறுநாள் காலை வரையிலான கணக்கில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. பதிவானது. கடலிலிருந்து அவ்வளவு தள்ளி இருக்கும் ஊர் அது!

வலுவே பெறாத ஒன்றும் ஊரை மூழ்கடிக்கும். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்ததே, அதற்குக் காரணம் குமரிக் கடல் பகுதியில் இருந்த வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி. அது புயலும் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை.

எனவே அறிக்கையில் 'இன்டென்சிஃபை' வந்தால் 'இன்டு'வுக்குப் பின்னால் உள்ள படியையும், அதற்குரிய காற்றின் வேகத்தையும், எப்போது என்பதையும் பாருங்கள். கூரை, மரம், படகு பற்றிய முடிவெல்லாம் அதை வைத்து எடுக்கலாம். மழைக்கு அதே அறிக்கையில் 'ஹெவி', 'வெரி ஹெவி', 'எக்ஸ்ட்ரீம்லி ஹெவி' என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். கடைசியாகச் சொன்னது 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் என்று பொருள். ஆற்றங்கரையிலோ ஏரிக்குக் கீழேயோ குடியிருப்பவர்கள் முதலில் அந்தப் பகுதியைப் படியுங்கள்.